வண்டியைக் கப்பலில் ஏற்றுவதா, போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதா, வாங்கி விற்பதா?

கடல் தாண்டி ஆறு மாதம், ஒரு வருடம் என்று மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில், சுற்ற ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "கப்பல் கூலி எவ்வளவு ஆகும்?" என்றுதான். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். நான்கைந்து ஏஜென்டுகளிடம் விலை கேட்டு, தாளில் எழுதி, கூட்டிக் கழித்து இரண்டு மாதம் போனது. அதற்குப் பிறகுதான் நான் எண்ண வேண்டியது பணத்தை அல்ல, நாட்களை என்று உறைத்தது. போகிற நாட்டில் நான் எத்தனை நாள் இருக்கலாம், என் வண்டி எத்தனை நாள் இருக்கலாம்? இவை இரண்டும் இரண்டு வேறு எண்கள். அநேகமாக ஒன்றோடொன்று பொருந்தாது.

ஐரோப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை, அங்கே குடியிருக்காத ஒருவர் சுங்கவரி கட்டாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொதுவாக 6 மாதம் வைத்திருக்கலாம். ஆனால் சுற்றுலாப் பயணியாக வந்த ஆள் ஷெங்கன் நாடுகளில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள்தான் தங்கலாம். வண்டிக்கு ஆறு மாதம், நமக்கு மூன்று மாதம். மீதி மூன்று மாதத்தை ஷெங்கனுக்கு வெளியே எங்கே கழிப்பது என்று முன்பே வரைபடத்தில் குறித்தாக வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, அல்பேனியா, செர்பியா, துருக்கி, மொராக்கோ என்று வழிகள் உண்டு. அப்படிப் பிரித்துப் போட்டால் பயணம் இன்னும் நன்றாகவே அமையும். ஆனால் அதைத் துறைமுகத்தில் இறங்கிய பிறகு யோசிக்கக் கூடாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே குடியிருக்காதவரின் வண்டி, சொந்த உபயோகத்துக்கு என்றால், ஒரு வருடம் வரை வரியில்லாமல் இருக்கலாம், விற்கக் கூடாது. புகை விதிகளிலிருந்து விலக்குக் கேட்டு, சுற்றுச்சூழல் துறையின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஆனால் விசா விலக்குத் திட்டத்தில் நுழைகிறவருக்கு 90 நாள்தான். இடையில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் வந்தால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று நம்பி இருக்காதீர்கள். பி-2 என்கிற சுற்றுலா விசா எடுத்தால் வழக்கமாக 6 மாதம் கிடைக்கும். ஒரு வருடம் வண்டி ஓட்டலாம் என்று கப்பலுக்குப் பணம் கட்டிவிட்டு, விசாவை மறந்தவர்கள் இருக்கிறார்கள்.

தென் அமெரிக்காவுக்கு வண்டி அனுப்புகிறவர்களில் பலர் ஏன் உருகுவேயின் மான்டிவிடியோவில் இறக்குகிறார்கள் என்பதற்கும் விடை இந்த நாள் கணக்கில்தான் இருக்கிறது. உருகுவேயில் வண்டிக்கு 12 மாதம் கிடைக்கும், பக்கத்து அர்ஜென்டினாவில் 8 மாதம். சிலியில் 90 நாள்தான். ஆனால் எல்லையைத் தாண்டித் திரும்பினால் வண்டிக்குப் புது அனுமதித் தாள் கிடைக்கும். அதனால் வண்டியை உருகுவேயில் நிறுத்திவிட்டு, சில மாதம் விமானத்தில் ஊருக்குப் போய்வந்து, பயணத்தைத் தொடரலாம். இரண்டு மூன்று வருடம் துண்டு துண்டாகச் சுற்ற இதைவிட வசதியான கண்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த நாள் கணக்கு கையில் வந்த பிறகுதான் பணத்துக்குப் போக வேண்டும். அப்போது அது மிகவும் எளிது. வாடகை ஒவ்வொரு நாளும் ஏறும். கப்பல் கூலி நீங்கள் இரண்டு வாரம் சுற்றினாலும் இரண்டு வருடம் சுற்றினாலும் ஒன்றுதான், போக ஒரு முறை, வர ஒரு முறை. வாங்கி விற்பது இரண்டுக்கும் நடுவில். அதில் போகிற செலவு பணமாக இருப்பதைவிட வாரங்களாக இருக்கும்.

வாடகையைப் பற்றி

மூன்று மாதத்துக்குக் குறைந்த பயணம் என்றால் வாடகைக்கு எடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. விமானத்தில் போய் இறங்கிய மறுநாள் சாவி கையில் இருக்கும். அந்த நாட்டு மின்சாரம், அந்த நாட்டு கேஸ் சிலிண்டர், அந்தப் பக்கத்து ஸ்டியரிங். வழியில் இன்ஜின் நின்றால் அது அவர்கள் பொறுப்பு.

ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை விரலை வைத்துப் படியுங்கள். முதலாவது, எந்தச் சாலையில் போகக் கூடாது என்பது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான வாடகை மோட்டார்ஹோம்களைத் தார் போடாத சாலையில் ஓட்ட அனுமதி இல்லை, முகாம் வரை போகும் சிறு தூரம் மட்டும் விதிவிலக்கு. உள்நாட்டுப் பாலைவனத்தைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் அந்த ஒரு வரி பயணத்தையே வேறாக்கிவிடும். இரண்டாவது, எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பது. அமெரிக்காவில் எடுத்த வண்டியை மெக்சிகோவுக்குள் கொண்டுபோக பொதுவாக விட மாட்டார்கள். வட அமெரிக்காவில் மைல் கணக்குக்கும் தனியே பணம் உண்டு. நீண்ட பயணத்தில் அது சத்தமில்லாமல் ஏறும்.

வாங்கி விற்பது

இது நாட்டுக்கு நாடு இரவும் பகலுமாக மாறும். நியூசிலாந்தில் வெளிநாட்டுப் பயணி வண்டி வாங்குவது சுலபம். பெயர் மாற்றம் சில நிமிட வேலை. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்கிற சான்று, பதிவு இரண்டும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். டீசல் வண்டி என்றால் ஓட்டும் தூரத்துக்கு 1000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே சாலைக் கட்டணம் வாங்கி வைக்க வேண்டும். பழைய பாக்கி இல்லாமல் கைமாறுகிறதா என்பதை ஓடோமீட்டரை வைத்துச் சரிபாருங்கள். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. ஒரு மாநிலப் பதிவெண் வண்டியை இன்னொரு மாநிலத்தில் விற்பது தலைவலி. சிலியில் வாங்குவதற்கு முன் அங்கே வரி எண் ஒன்று எடுத்தாக வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளில் அங்கே முகவரி இல்லாதவர் பெயரில் பதிவே கிடைக்காது. அமெரிக்காவில் பதிவைவிட இன்சூரன்ஸ்தான் கஷ்டம். அங்கே குடியிருக்காதவருக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் குறைவு.

விற்பதைப் பற்றி ஒரே விஷயம் சொல்கிறேன். மோட்டார்ஹோம் வசந்த காலத்தில் விற்கும், இலையுதிர் காலத்தில் தேங்கும். கோடை முழுக்கச் சுற்றிவிட்டு கடைசி வாரத்தில் விற்கப் பார்ப்பவர், விமானத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார். வாங்குகிறவருக்கு அது முகத்திலேயே தெரிந்துவிடும். விற்பனைக்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள். முடிந்தால் பயணத்தையே பருவத்துக்குத் தலைகீழாகப் போடுங்கள்.

சொந்த வண்டி, சொந்தக் கப்பல் சீட்டு

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். தப்பு நடக்கிற இடங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

மோட்டார்ஹோம் கடல் தாண்ட மூன்று வழி. ஒன்று ரோ-ரோ, அதாவது வண்டியை ஓட்டியே ஏற்றி ஓட்டியே இறக்கும் கப்பல். இரண்டு, கன்டெய்னர். மூன்று, ஃப்ளாட் ரேக். பக்கச் சுவரும் கூரையும் இல்லாத, இரு முனையில் மட்டும் தடுப்புள்ள கன்டெய்னர் தளம். மூன்றாவதை வேறு வழியே இல்லாதபோது மட்டும் யோசியுங்கள். கிரேனில் தூக்குவார்கள், திறந்த தளத்தில் உப்புக் காற்று முழுக்க அடிக்கும், விலையும் அதிகம்.

கன்டெய்னரா ரோ-ரோவா என்பதை உங்கள் வண்டியின் உயரமே பெரும்பாலும் தீர்மானித்துவிடும். 40 அடி ஹை-கியூப் (உயரம் கூடிய) கன்டெய்னரின் கதவு உயரம் சுமார் 2.58 மீட்டர், உள் அகலம் 2.35 மீட்டர். ஃபைபர் கூடு கட்டிய வழக்கமான மோட்டார்ஹோம் 2.3 மீட்டர் அகலமும் 2.8 மீட்டருக்கு மேல் உயரமும் இருக்கும். அது நுழையவே நுழையாது, ரோ-ரோதான். வேன் உடம்பிலேயே கட்டிய கேம்பர் என்றால் வாய்ப்பு உண்டு. ஃபியட் டுகாட்டோவின் நடுத்தரக் கூரை வேன் 2.05 மீட்டர் அகலம், ஏறத்தாழ 2.52 மீட்டர் உயரம். கணக்குப்படி 6 சென்டிமீட்டர் மிச்சம். ஆனால் கூரையில் காற்றுத் திறப்பும் சோலார் பலகையும் இருந்தால் அந்த மிச்சம் போய்விடும். டயரில் காற்றை இறக்கி, திறப்பின் மூடியைக் கழற்றி, மெதுவாக உள்ளே விடுகிறவர்கள் உண்டு. அகலத்தில் பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர்தான் இடைவெளி, முன்கதவைத் திறக்க முடியாது. ஓட்டி உள்ளே விட்டவர் இருக்கையிலிருந்து எழுந்து, படுக்கையைத் தாண்டி, பின்கதவு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பின்கதவை மறிக்கும் நிலைப் படுக்கை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

கன்டெய்னரின் பெரிய நிம்மதி, சாவி உங்களிடமே இருக்கும். நீங்களே ஏற்றி, கட்டி, சீல் வைப்பதைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். சின்ன வேன்கள் இரண்டு ஒரே 40 அடிக்குள் போனால் கூலியைப் பாதியாகப் பகிரலாம். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லாத டாரியன் காடு இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களின் வட முனையிலிருந்து தென் முனை வரை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கே, பெரும்பாலும் பனாமாவின் கொலோனிலிருந்து கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்கு, கப்பல் பிடித்தாக வேண்டும். அங்கே இப்படி ஜோடி சேர்வது வழக்கம்.

ரோ-ரோவில் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். நாங்கள் கொடுத்தபோது என் மனைவி வண்டியின் பக்கவாட்டைத் தட்டிவிட்டுத்தான் வந்தாள். மூன்று வாரம் கழித்து மறுகரையில் ஏறிப் பார்த்தால், அலமாரிப் பூட்டு நெம்பப்பட்டிருந்தது, கருவிப் பெட்டி இல்லை. புறப்பட்ட துறைமுகமா, நடுவில் நின்ற துறைமுகமா, இறங்கிய இடமா? யாருக்கும் தெரியவில்லை, யாரும் பொறுப்பேற்கவும் இல்லை. ரோ-ரோவில் வண்டிக்குள் தனிப்பட்ட பொருள் வைப்பதைப் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்வதில்லை. வைத்தால் நம் சொந்த ஆபத்தில். ஓட்டுநர் அறைக்கும் வீட்டுப் பகுதிக்கும் நடுவே பிளைவுட் பலகையை வீட்டுப் பக்கத்திலிருந்து போல்ட் போட்டு அடைத்துவிடுவது நீண்ட பயணக்காரர்கள் கைக்கொள்ளும் வழி. வீட்டுக் கதவின் சாவியைத் தர வேண்டுமா என்பதை மட்டும் ஏஜென்டிடம் முன்பே கேளுங்கள். சில துறைமுகங்களில் சுங்கம் உள்ளே பார்த்தே தீரும். பெட்ரோல், டீசல் கால் டாங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். கேஸ் சிலிண்டர் காலியாக இருக்க வேண்டும்.

ரோ-ரோ கூலி பொதுவாகக் கன மீட்டர் கணக்கு. துறைமுக வாசலில் ஓர் ஊழியர் அளவுகோலோடு வந்து வண்டியின் எந்தப் பகுதி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்து அளந்தார். 7 மீட்டர் நீளம், 2.3 அகலம், 3 உயரம் என்றால் 48.3 கன மீட்டர். பின்னால் சைக்கிள் ரேக் 60 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் 52.4. நாலு கன மீட்டருக்கு மேல் வெறும் காற்று, அதற்கும் கூலி. போகவும் வரவும். ரேக்கைக் கழற்றி உள்ளே வைக்க ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். கூரைப் பெட்டி, ஆன்டெனா, பின்பக்க ஏணி எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

இன்சூரன்ஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கப்பல்காரர் பொறுப்பு என்று நம்பி இருக்காதீர்கள். ஹேக்-விஸ்பி என்கிற சர்வதேசக் கடல் சரக்கு விதிகள் பொருந்தும் பயணத்தில் அவர்களின் பொறுப்பு ஒரு சரக்குக்கு 666.67 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. 3500 கிலோ வண்டிக்கு 7000 எஸ்டிஆர். வண்டியின் விலையில் ஒரு துண்டு. அமெரிக்கச் சட்டம் பொருந்தினால் ஒரு சரக்குக்கு 500 டாலர் என்பதே அடிப்படை. இதைவிட அதிகம் பேருக்குத் தெரியாதது ஜெனரல் ஆவரேஜ். கப்பலைக் காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவைக் கப்பல்காரரும் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் பங்கு போட்டுக் கட்டும் பழைய கடல் வழக்கம் அது. உங்கள் வண்டியில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும், உங்கள் பங்குக்கு உத்தரவாதம் கொடுக்காமல் வண்டி கையில் கிடைக்காது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலுக்கு இது அறிவிக்கப்பட்டது. அந்தக் கப்பல் சரக்கோடு ஜூலை வரை அங்கேயே நின்றது. 2022இல் ஏறத்தாழ 4000 கார்களோடு ஃபெலிசிட்டி ஏஸ் தீப்பிடித்து அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. "முழு இழப்புக்கு மட்டும்" என்கிற மலிவுப் பாலிசி கீறலுக்கும் திருட்டுக்கும் உதவாது. ஜெனரல் ஆவரேஜுக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்படைக்கும் முன் வண்டியின் நான்கு பக்கமும், கூரையும், உள்ளே ஒவ்வொரு அலமாரியும் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

போகிற இடம் பார்த்துச் சேரும் செலவுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உயிரிப் பாதுகாப்பில் மிகக் கண்டிப்பானவை. மட்கார்டுக்குள் ஒட்டிய சேறு, ரேடியேட்டர் இடுக்கில் சிக்கிய விதை, கம்பளத்துக்கு அடியில் காய்ந்த இலை, எதுவும் கண்ணில் பட்டால் மறுபடி கழுவச் சொல்லி உங்களிடமே பணம் வாங்குவார்கள். செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரையான காலத்தில் அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும் வண்டிகளுக்கு, ஒருவகை நாற்றப்பூச்சி வந்துவிடக் கூடாது என்று வெப்பமூட்டலோ புகையூட்டலோ செய்தாக வேண்டும். அந்த மாதங்களைத் தவிர்த்து ஏற்றினால் இந்தச் செலவே இல்லை.

சில நாடுகளுக்கு கார்னே வேண்டும். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமொபைல் கிளப் கொடுக்கும், ஒரு வருடம் செல்லும், அதற்கு டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ கட்ட வேண்டும். இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், ஈரான், எகிப்து போன்ற நாடுகளுக்கு இது தேவை. ஆஸ்திரேலியாவுக்கும் இதுவே வழக்கமான வழி. ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. மேல்துண்டு முத்திரைகளோடு உங்களிடம் இருக்கும். வெளியேறும் முத்திரை விழாமல் எல்லையைத் தாண்டிவிட்டால், வண்டி அந்த நாட்டிலேயே இருப்பதாகக் கணக்கு, டெபாசிட்டுக்கு ஆபத்து. நள்ளிரவானாலும், அதிகாரி தூக்கத்தில் இருந்தாலும், முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் நகராதீர்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகு

ஐரோப்பிய வண்டி 230 வோல்ட், வட அமெரிக்க முகாம் 120 வோல்ட். நல்ல சோலார் பலகையும், ஓடும்போது சார்ஜ் ஆகும் அமைப்பும் இருந்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். கேஸ் நிரப்பும் வாய் நாட்டுக்கு நாடு மாறும். அடாப்டர் தேடி அலைவதைவிட டீசல் ஹீட்டருக்கு மாறுவது நல்லது. யூரோ 6 என்கிற ஐரோப்பியப் புகைத் தரத்தில் வரும் புதிய இன்ஜின் கந்தகம் குறைந்த டீசலைத்தான் தாங்கும். தரமான டீசல் எல்லா இடத்திலும் கிடைக்காத கண்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் பழைய இன்ஜினே மேல். இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் வாங்கிய மோட்டார்ஹோமை வலதுபக்க நாட்டுக்குக் கொண்டுபோனால், வீட்டுக் கதவு போக்குவரத்துப் பக்கம் திறக்கும். சாலையோரம் நிறுத்தி இறங்கும் ஒவ்வொரு முறையும், குழந்தைகள் இருந்தால் இன்னும் அதிகமாக, இதை நினைவில் வைக்க வேண்டியிருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் நீண்ட பயணத்துக்கு நான் சொந்த வண்டியின் பக்கம்தான். இருட்டில் கைநீட்டினால் விளக்குச் சுவிட்ச் எங்கே என்று தெரிகிற வீடு அது. எந்த ஓசை சாதாரணம், எது கவலைப்பட வேண்டியது என்று காதுக்குத் தெரியும். மூன்றாவது மாதம் உடம்பு அலுத்துப்போகும்போது இது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எல்லாப் பயணத்துக்கும் அல்ல. நியூசிலாந்து மட்டும், அதுவும் ஒரு வருடத்துக்குள் என்றால் அங்கேயே வாங்கி விற்பேன். ஆஸ்திரேலியா மட்டும் என்றாலும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். கழுவல், பூச்சி, கார்னே எல்லாம் சேர்ந்து கப்பல் வழியைக் கனமாக்கிவிடுகிறது. ஐரோப்பாவில் ஒரே ஒரு 90 நாள் சுற்று என்றால் வாடகை. ஷெங்கனுக்கு வெளியேயும் சேர்த்து ஆறு மாதத்துக்கு மேல் என்றால் வண்டியை அனுப்புவேன். அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் உஷுவாயா வரை என்றாலோ, மான்டிவிடியோவில் தொடங்கி வருடக்கணக்கில் என்றாலோ, வேறு பேச்சே இல்லை. வாடகைக்காரர்களும் அந்த வழிக்கு வண்டி தர மாட்டார்கள்.

முன்பதிவு செய்யும்போது திரும்பும் கப்பலின் விலையையும் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், எந்தத் துறைமுகம் என்பதோடு. ரோ-ரோ அட்டவணை நகர்ந்துகொண்டே இருக்கும். இரு கரையிலும் ஒரு வாரத்துக்குத் தங்கும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் அனுமதி முடியும் தேதிக்கும் கப்பல் தேதிக்கும் நடுவே நான் மூன்று வாரம் விடுகிறேன். போன முறை அதில் பதினேழு நாள் கப்பலுக்குக் காத்திருந்தே கழிந்தது.